சான் மார்சியாலின் முழுப்பெயர்

சான் மார்சியால், மெக்சிக்கோ
17 பெப்ரவரி 2024, சனி

அன்புள்ள எமில்டா அக்கா,

வந்து பன்னிரண்டு நாளாகிறது. போன் எடுக்கவில்லை என்று ஸ்காபரோவிலிருந்தே திட்டிக்கொண்டிருப்பீர்கள். இந்த ஊரில் சிக்னல் இல்லை. சனிக்கிழமைகளில் மட்டும் சந்தைப் பட்டணத்துக்கு ஒரு லொறி போகும். அங்கே இன்ரநெற் கடை இருக்கிறது. கையால் எழுதிப் படம் எடுத்து உங்கள் சொந்த ஈமெயிலுக்கு அனுப்புகிறேன். கொம்பனி தந்த போனில் வீட்டுக் கதை கதைக்க எனக்கு மனமில்லை. தமிழில் எழுதினால் இங்கே ஒருவருக்கும் விளங்காது.

கனடாவில் லெமிங்ரன் தக்காளித் தோட்டத்தில் ஒன்பது வருடம் மெக்சிக்கோக்காரரோடு கிடந்து பொறுக்கிய ஸ்பானிஷ் என்று சிரிப்பீர்களே, அதற்குத்தான் இப்போது உங்கள் கொம்பனி சம்பளம் தருகிறது. மலையில் தங்கம் தோண்டுவதற்கு முன்னால் ஊரின் வரலாற்றை எழுதிக் கொடுக்க வேண்டுமாம். எப்போது தொடங்கியது, யார் பெயர் வைத்தது, அவ்வளவுதான். ஒரு மாதத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

ஆனால் ஒரு விஷயம். வரைபடத்தில் ஊரின் பெயர் சான் மார்சியால். கோயில் பக்கச் சுவரில் நீல மையால் எழுதியிருப்பதோ சான் மார்சியால் டெ பராசா இ தெறோனெஸ், பராசாவினதும் தெறோனெஸினதும் சான் மார்சியால் என்று அர்த்தம். அதற்குப் பிறகு சுவரில் நல்ல வெறும் இடம் விட்டிருக்கிறார்கள். வெள்ளை புதிதாக அடித்திருக்கிறது. நான் தங்கியிருக்கும் வீட்டுக்கார அம்மா, றமோனா, கோயில் பூட்டின் திறப்பு வைத்திருப்பவர். அவரிடம் கேட்டேன். அவர் சொன்னதை எங்கட பேச்சில் சொன்னால் இப்படி வரும்: "முதல் சாப்பிடும். பெயரைப் பற்றிக் கேக்க வந்த ஆக்கள் எல்லாம் சாப்பிடாமலே போட்டினம்."

மலையடியில் கொம்பனியின் கேற். அதைத் தாண்டாமல் ஒருவரும் ஊரைவிட்டு வெளியே போக முடியாது. என் அடையாள அட்டையைக் கண்டதும் திறந்துவிடுகிறார்கள். ஊர்க்காரரை இறக்கிப் பையைச் சோதிக்கிறார்கள்.

தம்பி
றெமி

ஸ்காபரோ
21 பெப்ரவரி 2024

தம்பி றெமி,

பன்னிரண்டு நாள். நான் மாதாவுக்கு நேர்த்தி வைத்துவிட்டேன், தெரியுமா? இனிமேல் ஒரு சனிக்கிழமையும் தவறக் கூடாது.

இங்கே சினோப் பனி கொட்டித் தள்ளுகிறது. காலையில் பஸ்சுக்கு நாற்பது நிமிடம் நின்று, டவுன்ரவுன் ஒபிசுக்குப் பிந்திப் போனேன். வெங்கட் ஒன்றும் சொல்லவில்லை. சென்னையிலிருந்து வந்து மூன்று வருடத்திலேயே மனேஜர் ஆன பிள்ளை, நல்ல மரியாதை. உன் கதையைக் கேட்டார். "தம்பி சவுக்கியமா மேடம்? லெட்டர் எல்லாம் போடறாரா?" என்றார். ஓம் என்றேன். அவர் தமிழ்ப் பிள்ளைதான், ஆனால் தமிழ் வாசிக்கத் தெரியாதாம். இங்கிலீஷ் மீடியம் என்று தானே சொன்னார். அதனால் நீ பயப்படாமல் எழுது.

சுவரை விடு. நீ போனது வேலைக்கு, தோண்டித் துருவ அல்ல. வேலியால் போன ஓணானைப் பிடித்து மடிக்குள் விட்டுவிட்டுக் குத்துது குடையுது என்று அழுதானாம் ஒருவன். நீ சின்னனிலிருந்தே அந்த ஆள்தான். பத்துப் பக்கம் எழுதி அனுப்பு, இங்கிலீஷை நான் திருத்துகிறேன். உன் பள்ளிக்கூடக் கட்டுரையிலிருந்து அதுதானே என் வேலை.

எமில்டா அக்கா

சான் மார்சியால்
2 மார்ச் 2024, சனி

அக்கா,

பத்துப் பக்கம் நாற்பதாகிவிட்டது. இத்துடன் வருகிறது. திட்டாதீர்கள், முதலில் மூன்றாம் அத்தியாயத்தை வாசியுங்கள். றமோனா கடைசியில் வாய் திறந்துவிட்டார்.

நூறு வருடத்துக்கு முன் இந்த ஊருக்குப் பெயரே இல்லை. பண்ணை முதலாளியின் பதிவில் 'கீழ்க் கொட்டில்கள்' என்று மட்டும் இருக்கிறதாம். 1936இல் பராசா என்ற வாத்தியார், பண்ணையில் வேலை செய்தவர்களுக்கே நிலத்தைக் கேட்டு மனு எழுதினார். மனுவில் ஊர்ப்பெயர் போட வேண்டும். ஊர்த் தண்ணீர் ஊற்றைக் கண்டுபிடித்தது சான் மார்சியால் திருநாளில் என்பதால் அந்தப் பெயரைப் போட்டார். மனுவை எடுத்துக்கொண்டு தலைநகருக்குப் போனார். இரண்டு வருடம் கழித்து நிலப்பத்திரம் வந்தது, வாத்தியார் வரவில்லை. சனங்கள் போராடிப் பத்திரத்திலேயே அவர் பெயரைச் சேர்த்தார்கள்.

1976இல் அணைக்கட்டுக்காக ஊரை மேட்டுக்கு ஏற்றினார்கள். அரசாங்கம் புதுப் பதிவில் வெறும் சான் மார்சியால் என்று எழுதியது. பழைய பத்திரத்தைப் புது இடத்தோடு சேர்த்துப் பதியக் கடைக்கார மனுசி ஒருவர் போனார், லூசியா தெறோனெஸ். அங்கிருந்து பத்திரத்தைத் தங்கையிடம் கொடுத்து ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். லூசியா வரவில்லை.

இதுதான் வழக்கம், அக்கா. கடதாசி கொண்டுபோய்த் திரும்பி வராதவரின் பெயர் ஊரின் பெயரோடு சேரும். ஜூன் 30 திருநாளில் ஊரின் முழுப்பெயரையும் ஒருவர் கூப்பிடுவார். ஒவ்வொரு பெயருக்கும் சனம் எல்லாம் "இங்கே இருக்கிறார்" என்று பதில் சொல்லும். எங்கள் கோயிலில் மன்றாட்டுமாலை சொல்வது போலத்தான் றமோனா சொல்லிக் காட்டினார்.

பத்திரம் இன்னும் இருக்கிறது. கோயிலில் சான் மார்சியால் சொரூபத்தின் போர்வைக்குள் வைத்துத் தைத்திருக்கிறார்கள். எனக்காகப் பிரித்துக் காட்டினார்கள். மலையும் அந்தப் பத்திரத்துக்குள் வருகிறது. படங்களெல்லாம் மூன்றாம் அத்தியாயத்தில் உண்டு. அந்த அத்தியாயம் இல்லாவிட்டால் இது 1976இல் முளைத்த ஊர், மலைக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. இருந்தால் கொம்பனி இவர்களைக் கேட்காமல் ஒரு கல்லும் புரட்ட ஏலாது. அதனால் கவனமாகத் திருத்துங்கள்.

றெமி

ஸ்காபரோ
8 மார்ச் 2024

தம்பி,

ரிப்போர்ட் கிடைத்தது. திருத்திக் கொடுத்துவிட்டேன். நீளம் கூட என்று வெங்கட் சொன்னதால் சில இடங்களைக் குறைத்திருக்கிறேன். நீ ஒன்றும் யோசிக்காதே. உன் வேலை முடிந்தது, வந்து சேர்.

றீற்றா அன்ரி உனக்கு விட்பியில் ஒரு பெம்பிளை பார்த்து வைத்திருக்கிறா. மறுமணமாம், ஆனால் நல்ல குடும்பம்.

எமில்டா அக்கா

சான் மார்சியால்
6 ஏப்ரல் 2024, சனி

எமில்டா அக்காவுக்கு,

நான் வரவில்லை. ஊரில் கூட்டம் இருக்கிறது, நில்லுங்கள் என்று றமோனா கேட்டார், நின்றேன். வியாழக்கிழமை கொம்பனி ஆட்கள் பள்ளிக்கூடத்தில் ரிப்போர்ட்டை ஸ்பானிஷில் வாசித்தார்கள். "சான் மார்சியால் 1976ஆம் ஆண்டு அரசாங்கத்தால் அமைக்கப்பட்ட குடியேற்றம். பெயருக்கு முந்திய வரலாறு கிடையாது." கீழே என் கையெழுத்து. அதைத் திரையில் பெரிதாகக் காட்டினார்கள். பின்னால் இருந்தவர்கள் எழும்பி வந்து பார்த்தார்கள்.

ஒருவரும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். வீட்டுக்கு வந்தபோது என் பை வாசலில் இருந்தது. மேலே தோய்த்து மடித்த என் உடுப்பு. றமோனா கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "எங்கட பேரைக் கேட்டு எழுதினனீர். எங்க தம்பி அது?" என்றார். இப்போது பள்ளிக்கூட விறாந்தையில் படுக்கிறேன்.

பகலிலும் ஒரு வெள்ளைப் பிக்கப் தெருமுனையில் நிற்கிறது, இரண்டு பேர் இறங்காமல் இருக்கிறார்கள். ஆரம்பத்தில் எனக்குக் கை காட்டுவார்கள். இப்போது காட்டுவதில்லை.

மூன்றாம் அத்தியாயம் எங்கே, அக்கா?

றெமி

ஸ்காபரோ
9 ஏப்ரல் 2024

தம்பி,

நான்தான் வெட்டினேன்.

சுற்றி வளைக்கப் பார்த்தேன், முடியவில்லை. வெங்கட் என் மேசைக்கு வந்து, "மேடம், அந்த மூணாவது சாப்டர் வேணாமே. கதை மாதிரி இருக்கு. எடுத்துட்டு ஒரு வரி சேத்துடுங்க, நீங்களே பண்ணிடுங்க, உங்க தம்பி ஸ்டைல் உங்களுக்குத்தானே தெரியும்" என்றார். உன் கையெழுத்து ஏற்கெனவே கடைசிப் பக்கத்தில் இருந்தது. நான் அத்தியாயத்தை எடுத்தேன். அந்த வரியையும் நான்தான் எழுதினேன். ஐம்பத்தாறு வயதில் என்னை வெளியே விட்டால் வேறெங்கே எடுப்பார்கள் என்று யோசித்தேன். இது பொய்ச் சாட்டு இல்லை, உண்மையாகவே அதைத்தான் யோசித்தேன்.

உனக்கு ஞாபகம் இருக்காது, நீ சின்னப் பெடியன். நாங்கள் கனடா வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் இருந்தபோது அகதி விசாரணைக்கு மொழிபெயர்த்த ஆள் என்னிடம், "பிள்ளை, உங்கட ஊரை உவங்களுக்குத் தெரியாது. மன்னார் ரவுண் எண்டு சொல்லும், கெதியா முடியும்" என்றான். சொன்னேன், கெதியாக முடிந்தது. இன்றைக்கும் எங்கள் கடதாசி ஒன்றிலும் எங்கள் ஊர் இல்லை. எங்களைப் பெற்ற ஐயா அதற்குப் பிறகு ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. ஒரு பெயரில் என்ன இருக்கிறது என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைத்தேன்.

நீ வந்துவிடு. ரிக்கெற் நான் போடுகிறேன். வந்து என் மூஞ்சையில் முழிக்காவிட்டாலும் பரவாயில்லை, வா.

எமில்டா

சான் மார்சியால்
20 ஏப்ரல் 2024, சனி

அக்கா,

ஒரு கிழமை உங்களோடு மனதுக்குள் சண்டை பிடித்தேன். இனி நேரமில்லை.

உங்கள் கடிதத்தை றமோனாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன், முழுவதையும். கேட்டு முடித்ததும் கதவைத் திறந்தார். பிறகு உள்ளே கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார்.

தலைநகரில் நில நீதிமன்றம் இருக்கிறது. ரிப்போர்ட்டை மறுக்க ஏப்ரல் கடைசிநாள் வரைதான் தவணை. அவர்கள் படத்தை ஏற்க மாட்டார்கள், மூலப் பத்திரம் வேண்டும். ஊர்க்காரர் எவர் கொண்டுபோனாலும் கேற்றில் பிடிபடும். சோதிக்காமல் விடுவது ஒருவரைத்தான், கொம்பனி அட்டை வைத்திருக்கும் என்னை. ரிப்போர்ட் பொய்யென்று எழுதிக் கொடுக்க வேண்டியவனும் நான்தான்.

30ஆம் திகதி, செவ்வாய், விடிய ஐந்து மணிக்கு, பள்ளிக்கூட முற்றத்தில் நிற்கும் கொம்பனி ஜீப்பிலேயே போகிறேன்; கடைசி நாள் என்றால் ஒருவரும் எதிர்பார்க்க மாட்டார்கள். கேற்றைத் தாண்டியதும் அணைக்கட்டு வீதியால் அல்ல, பழைய பண்ணை வீதியால். பத்திரத்தைச் சீற்றுக்குக் கீழே தைத்துவிடுவார்கள். உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் அத்தியாயத்தை அழிக்காமல் வைத்திருங்கள்.

றெமி

ஸ்காபரோ
24 ஏப்ரல் 2024

தம்பி,

போகாதே என்று சொன்னால் கேட்பாயா? நீ கேட்க மாட்டாய். சொல்லும் தகுதியை நான் தின்றுவிட்டேன். ஆனாலும் சொல்கிறேன், போகாதே.

உன் எழுத்து இந்தமுறை எறும்பு ஊர்ந்ததுபோல இருந்தது. போனில் பெரிதாக்கினாலும் என் கண்ணுக்குப் பிடிபடவில்லை. ஒபிசில் மதிய இடைவேளையில் பிரிண்ட் எடுத்து வாசித்தேன். இரண்டாம் பக்கத்தை எடுக்க மறந்து மேசைக்கு வந்துவிட்டேன். வெங்கட் கொண்டுவந்து தந்தார், வடிவாக இரண்டாக மடித்து. "உங்க லெட்டர் பிரிண்டர்ல இருந்துச்சு மேடம். அழகான கையெழுத்து" என்றார். முதலில் பயந்துவிட்டேன். தமிழ்தானே, அவருக்கு வாசிக்கத் தெரியாதே என்று பிறகு ஆறினேன்.

அத்தியாயம் என்னிடம் இருக்கிறது. ஒரு எழுத்தும் அழிக்கவில்லை.

எமில்டா அக்கா

சான் மார்சியால்
27 ஏப்ரல் 2024, சனி

அக்கா,

இன்ரநெற் கடையிலிருந்தே எழுதுகிறேன், லொறி திரும்பக் காத்து நிற்கிறது, இரண்டு வரிதான். கண்ணாடி மாற்றச் சொல்லி எத்தனை வருடமாகச் சொல்கிறேன். ஒபிசில் இனி ஒன்றும் பிரிண்ட் எடுக்க வேண்டாம்.

வெள்ளைப் பிக்கப்பை இரண்டு நாளாகக் காணவில்லை. ஊர்க்காரர் அதற்குச் சந்தோஷப்படவில்லை, கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறார்கள்.

நேற்று றமோனா என் முழுப்பெயரைக் கேட்டார். றெமிஜியஸ் யேசுரட்ணம் என்றேன். யேசுரட்ணம் எங்கள் ஐயாவின் பெயர், கனடாக்காரன் பிடித்துப் பின்னால் ஒட்டிவிட்டான் என்று விளக்கினேன். பின்பெயரை மட்டும் மூன்று தரம் சொல்ல வைத்து, தானும் சொல்லிப் பழகினார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

நான் உங்களோடு கோபமில்லை, அக்கா. கொஞ்சம் இருக்கிறது. வந்து நேரில் சண்டை பிடிக்கிறேன்.

றெமி

ஸ்காபரோ
28 ஏப்ரல் 2024, ஞாயிறு

றெமி, போகாதே.

பூசை முடிந்து மார்க்கம் வீதிப் பிளாசாவுக்கு மரக்கறி வாங்கப் போனேன். தேத்தண்ணிக் கடையில் வெங்கட் இருந்தார். கையில் காசில்லாமல் போடுகிற தமிழ்ப் பேப்பர். பார்த்துக்கொண்டு இருக்கவில்லை, வாசித்துக்கொண்டு இருந்தார். விரலால் வரியைத் தொட்டு, பக்கத்தில் இருந்த மனைவிக்கு உரத்து வாசித்துச் சிரித்தார். மரண அறிவித்தல் பக்கத்தைக்கூட வாசித்தார். பிறகு என்னைக் கண்டார். பேப்பரை மடித்து வைத்தார், அந்தக் கடிதத்தை மடித்த மாதிரியே. "சண்டே கூட லீவ் இல்லையா மேடம்?" என்று கேட்டார்.

இரண்டாம் பக்கத்தில்தான் திகதியும் வீதியும் இருந்தன.

இதைச் சனிக்கிழமை வரை நீ பார்க்க மாட்டாய் என்று தெரியும். கொம்பனி போனுக்கு எடுத்தேன், சிக்னல் இல்லை. சந்தைப் பட்டணத்து இன்ரநெற் கடை நம்பரைத் தேடிப் பிடித்து எடுத்தேன், ஞாயிறு பூட்டு. நாளைக்கும் எடுப்பேன். எனக்கு வருகிற ஸ்பானிஷ் 'தயவுசெய்து', 'நன்றி' இரண்டும்தான்.

போகாதே ராசா. பத்திரம் போனால் போகட்டும்.

அக்கா

ஸ்காபரோ
19 மே 2024

தம்பி,

மூன்று சனிக்கிழமை போய்விட்டது.

நீ புறப்படுவதற்கு முதல்நாள், திங்கட்கிழமை, அந்த இன்ரநெற் கடைக்காரரைப் போனில் பிடித்தேன். உன் பெயரையும் 'தயவுசெய்து'வையும் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை.

கொம்பனி கடிதம் தந்தது. 30ஆம் திகதி பழைய பண்ணை வீதியில் ஜீப் பள்ளத்தில் கிடந்ததாம், ஆளைக் காணவில்லையாம். சீற்றெல்லாம் கழன்று கிடந்ததாம். அனுமதியில்லாமல் வாகனம் எடுத்ததற்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று இரண்டாம் பந்தியில் எழுதியிருக்கிறார்கள். வெங்கட் பூங்கொத்து கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். நான் அதைத் தொடவில்லை, அடுத்தநாள் வேலைக்கும் போகவில்லை.

நீ எங்கேயாவது ஒளிந்திருந்தால் ஒரு சொல் எழுது.

அக்கா

ஸ்காபரோ
18 ஜூலை 2024, வியாழன்

என் தம்பிக்கு,

நீ இதை வாசிக்க மாட்டாய். எழுதாமல் இருக்கத் தெரியவில்லை, அதனால் எழுதுகிறேன். ஒரு பிரதி றீற்றா அன்ரியிடம் கொடுத்து வைப்பேன்.

திங்கட்கிழமை லெமிங்ரனிலிருந்து ஒரு கடிதம் வந்தது. றமோனாவின் மருமகன் அங்கே தக்காளித் தோட்டத்துக்கு வேலைக்கு வந்திருக்கிறான், அவன் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார். உள்ளே ஒரு படம், ஒரு துண்டுக் கடதாசி. நூலகத்தில் ஸ்பானிஷ் தெரிந்த பிள்ளையிடம் காட்டி வாசிப்பித்தேன். "திருநாளில் கூப்பிட்டோம். எல்லாரும் பதில் சொன்னோம். தவணை முடிந்துவிட்டது, ஆனால் புதிய சாட்சி வந்தால் நீதிபதி திரும்ப எடுப்பார் என்று சொல்கிறார்கள்" என்று எழுதியிருந்தது.

படத்தில் கோயில் சுவர். சான் மார்சியால் டெ பராசா, தெறோனெஸ் இ யேசுரட்ணம். நீல மை இன்னும் காயவில்லை போல, கடைசி எழுத்தில் கொஞ்சம் வழிந்திருக்கிறது. எங்கள் ஊரின் பெயரையே விட்டுக்கொடுத்த வீட்டுப் பெயரை ஒரு ஊர் தன் பெயரோடு வைத்திருக்கிறது. பஸ்சில் இருந்து வாய்விட்டு அழுதேன். பக்கத்தில் இருந்த சீன மனுசி கைலேஞ்சி தந்தா.

இனி நடக்கப் போவதைச் சொல்கிறேன். மூன்றாம் அத்தியாயம் முழுவதும் என்னிடம் இருக்கிறது, பத்திரத்தின் ஒவ்வொரு பக்கப் படமும் இருக்கிறது. அதை வெட்டியது நான், வெட்டச் சொன்னது யார், எந்த நாளில், எந்த வார்த்தையில், எல்லாவற்றையும் சத்தியக் கடதாசியில் இரண்டு பிரதி எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டேன். இந்த ரிப்போர்ட் பொய்யென்று சொல்ல உயிரோடு மிஞ்சியிருக்கிற சாட்சி நான்தான். நாளை காலை டவுன்ரவுனில் ஒரு வக்கீலிடம் ஒன்று கொடுக்கிறேன். பின்னேரம் மெக்சிக்கோவுக்குப் பிளேன். மற்றதை நானே கையில் கொண்டுபோகிறேன். நீதிமன்றத்துக்கு முன்னால் றமோனா நிற்பார்.

மூன்று நாளாக எங்கள் பில்டிங் விசிற்றர் பார்க்கிங்கில் ஒரு சாம்பல் நிறக் கார் நிற்கிறது. பட்டப்பகலில். உள்ளே இரண்டு பேர், இறங்குவதில்லை. நேற்று குப்பை போடப் போனபோது ஒருவன் கண்ணாடியை இறக்கி, எந்த மாடி என்று இங்கிலீஷில் கேட்டான். நான் விளங்காத மாதிரி நின்றேன். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, தம்பி. ஆனாலும் பையைக் கட்டிவிட்டேன்.

நான் கலியாணம் கட்டவுமில்லை, பெயரை மாற்றவுமில்லை. அதனால் றமோனாவுக்கு ஒரு வேலை மிச்சம். நான் போய்ச் சேராவிட்டால் சுவரில் புதிதாக ஒன்றும் எழுத வேண்டியதில்லை.

எமில்டா யேசுரட்ணம்